வண்டிதான் நடுங்குகிறது

அந்த வண்டியைப் பொறுக்கி எடுத்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என் காதில் ஓத வேண்டாம்.

என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது சிவப்பு வண்டி. பழைய வண்டிகள் விற்கிற அந்தக் கடையில் அதை வாசலுக்கு நேராக நிறுத்தி, முகம் பார்க்கிற அளவுக்குத் துடைத்து வைத்திருந்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்தார், கண்ணாடியைத் திருப்பித் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார், என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்குச் சற்று முன்னால் யாரோ ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். சூடான வண்டி ஒரே உதையில் கிளம்பிவிடும். குளிர்ந்து கிடக்கும்போது அதன் லட்சணம் என்ன என்பது வாங்கினவருக்கு மறுநாள் காலையில்தான் தெரியும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். பதினேழு வருஷமாக ஒரே பட்டறை. கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, பேரிங் மாற்றி, ஓட்டிப் பார்த்து அனுப்புவது என் வேலை. ஓடுகிற மோட்டாரின் மூடியில் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டினால், உள்ளே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இல்லை என்று நான் சொன்னாலும் பட்டறையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

கடையின் பின்பக்கம், சுவரோரம் ஒரு கறுப்பு வண்டி நின்றது. டாங்கில் ஒரு கை அகலத்துக்கு நசுங்கல். என்ஜின் சில்லென்று இருந்தது. சைலன்சருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், கரி உலர்ந்திருந்தது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மூன்றாவது உதையில் கிளம்பியது. புகை இல்லை. ஸ்டாண்டில் ஏற்றி முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன், குனிந்து செயினைத் தூக்கிப் பார்த்தேன், நீட்டிப் படுத்து அடிப்பக்கத்தில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தேன். கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் வண்டி பார்க்கிறேனா மாப்பிள்ளை பார்க்கிறேனா என்று கேட்டார்.

"மாப்பிள்ளையை இப்படிப் பார்த்திருந்தா நான் இந்நேரம் வேற வீட்டுல இருந்திருப்பேன்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். வண்டியை விரல் விட்டுச் சோதித்தவள், பக்கத்தில் நின்ற மனுஷனை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. அதை நானே வாய்விட்டுச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவர் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தார். நடக்க முடியாதவர்கள், படுத்த படுக்கையானவர்கள் வீடுகளுக்குக் காலையில் போய், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தெருவில் எல்லோருக்கும் அவர் ஊசிக்காரர். அந்தக் கைக்கு ஒரு பேர் இருந்தது. ஊசி இறங்கினதே தெரியவில்லை என்பார்கள். படுத்த படுக்கையாக ஒரு அம்மா இருந்தார்கள், அவர் ரத்தம் எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் தூங்கிக்கொண்டே இருப்பார்களாம். விழித்த பிறகு, ஊசிக்காரர் இன்னும் வரவில்லையா என்று மருமகளைக் கேட்பார்களாம். இதை அவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னிடம் சொல்லுவார். நானும் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்வேன்.

வண்டி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கென்று ஆகிவிட்டன. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், வண்டி மூன்றாவது ஆள். முன் நடையில் கோணியை விரித்து அதை நிறுத்துவோம். நான் பிளக்கைக் கழற்றிச் சுரண்டுவேன், செயினை மண்ணெண்ணெயில் துலக்கி எண்ணெய் விடுவேன், கிளட்ச் கம்பியின் தொய்வைச் சரிபார்ப்பேன். அவர் சோப்புத் தண்ணீரும் பழைய பனியனுமாகத் துடைப்பார். டாங்கின் நசுங்கலைத் துடைக்கும்போது மட்டும், சிவப்பு வண்டியில் இது கிடையாது என்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நான் பதில் சொல்லுவேன். கழற்றிய பழைய சாமான் எதையும் நான் எறிவதில்லை, பட்டறைப் பழக்கம். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் சாயங்காலம், வண்டி ரொம்ப நடுங்குகிறது என்றார்.

நான் ஏறித் தெருவைச் சுற்றிவந்தேன். நடுங்கத்தான் செய்தது. ஒற்றை சிலிண்டர் வண்டி நடுங்காமல் என்ன செய்யும்? ஒரு சின்ன அறைக்குள் ஒரே ஒரு ஆள் மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டே இருந்தால் வீடு ஆடாதா? இந்த ரகத்தில் எல்லா வண்டியும் இப்படித்தான், போகப் போகப் பழகிவிடும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவரே மறுபடி ஆரம்பித்தார். வண்டியிலிருந்து இறங்கின பிறகும் அந்த நடுக்கம் வலது கையிலேயே நிற்கிறதாம். ஒரு வீட்டில் நரம்பைத் தவறவிட்டாராம். இன்னொரு வீட்டில் இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்றாம். ஆறு வருஷமாக அவரைத் தவிர யாரையும் கிட்டே விடாத ஒரு பெரியவர், இனிமேல் இந்த ஆளை அனுப்பாதீர்கள் என்று போன் செய்திருக்கிறார். நிலையத்தில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு புகார் வந்தால் வேலை இருக்காது. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார்.

நான் பொறுக்கி எடுத்த வண்டி என் புருஷன் கையைக் கெடுத்துவிட்டது. அன்றைக்குச் சிவப்பையே வாங்கியிருக்கலாமே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு ஆறிப்போயிருப்பேன். அவர் சொல்லவே இல்லை. அதுதான் என்னைத் தின்றது.

அன்றிலிருந்து எட்டு மாதம். எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. வண்டியின் நடுக்கத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அவர் கை நிற்கும், கை நின்றால் வேலை நிலைக்கும். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

முதலில் சக்கரங்களைக் கோட்டம் எடுக்கக் கொடுத்தேன். பிறகு ஹேண்டில் கழுத்தில் இருக்கிற குண்டுகளை மாற்றினேன். செயினும் பல்சக்கரமும் புதிதாகப் போட்டேன். என்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற ரப்பர் புஷ்கள் காய்ந்து கல்லாகியிருந்தன, அவற்றைத் தூக்கிவிட்டு மெத்தென்று புதுசு வைத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று. ஒவ்வொரு திங்கட்கிழமை சாயங்காலமும் நான் வாசலிலேயே நின்று எப்படி இருக்கிறது என்று கேட்பேன். இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்பார். புதன்கிழமைக்குள் அந்தப் பரவாயில்லை போய்விடும்.

எனக்குக் கைவராத வேலைகளுக்குத் தெருமுனை மெக்கானிக்கிடம் போவேன். அவரைப் 'பத்து-பதினொண்ணு' என்று கூப்பிடுவார்கள். எந்த வேலைக்கும் முதலில் பத்து-பதினொன்று ஸ்பேனரைத்தான் கையில் எடுப்பார், பஞ்சர் ஒட்டுவதானாலும் சரி. நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ போனபோது அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, வண்டியில ஒண்ணும் இல்லக்கா. அண்ணன் எப்படி ஓட்டுறாருன்னு ஒரு தடவை பாருங்க."

எனக்கு வந்ததே கோபம். உனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், ஓட்டுகிறவர் மேல் பழியைப் போடாதே என்று கடை வாசலில் வைத்துக் கத்தினேன். அவர் பாவம், மறுபடியும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். பட்டறையிலும் இதே கதைதான். நான் இடைவேளையில் புஷ், பேரிங் என்று புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழியை விட்டார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. இருபது வருஷமாக ஊசி போட்ட கையை ஆடத் தெரியாத கை என்று யாரும் என் முன்னால் சொல்லக் கூடாது.

ஒருநாள் நான் வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் பெட்ரோல் நாற்றம். கார்புரேட்டர் நிரம்பிவழிந்து நடையில் குளமாகத் தேங்கியிருந்தது. அவர் அதற்கு நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாற்றமா, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார். மூக்கை எங்கே அடகு வைத்தீர்கள், யாராவது தீக்குச்சி கிழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அரை மணி நேரம் கத்தினேன். அவர் துணியை எடுத்துவந்து துடைத்தார். அதைக்கூட மெதுவாகத்தான் துடைத்தார், எனக்கு வேண்டுமென்றே செய்கிற மாதிரி இருந்தது. துணியைப் பிடுங்கி நானே துடைத்தேன்.

இன்னொரு நாள் அவருடைய அக்கா வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரரின் வலது கை மடியில் கிடந்தது. கட்டை விரல் மட்டும் எதையோ உருட்டுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"கை ஏன்டா நடுங்குது?"

"வண்டிக்கா. வண்டி நடுக்கம்."

நானும் குறுக்கே புகுந்து, ஆமாம் அண்ணி, நான் வாங்கிக்கொடுத்த வண்டி அப்படி, அடுத்த மாதத்துக்குள் சரிசெய்துவிடுவேன் என்றேன். அக்கா கிளம்பும்போது தம்பியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றார். பாசம் பொங்குகிறது என்று நான் உள்ளே பாத்திரம் எடுத்துவைக்கப் போய்விட்டேன்.

கடைசியாக என்ஜினையே பிரித்தோம். பத்து-பதினொண்ணும் நானும் சேர்ந்து ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்தோம். உள்ளே சுற்றும் தண்டின் பேரிங்குகள், பிஸ்டன் வளையங்கள், அது இது என்று தேய்ந்தது, தேயப்போவது எல்லாம் மாறியது. ஹேண்டிலின் இரண்டு முனையிலும் அதிர்வைக் குடிக்கிற கனத்த இரும்புக் குண்டுகளை வைத்து, மேலே தடித்த ரப்பர் பிடி மாட்டினேன். பழைய பிடிகள் டின்னுக்குள் பழைய புஷ்களோடு போய்ச் சேர்ந்தன.

ஞாயிறு சாயங்காலம் வண்டியை வாசலில் ஸ்டாண்டில் ஏற்றிக் கிளப்பினேன். பட்டறையில் மோட்டார் ஓடும்போது நாங்கள் ஒரு சோதனை செய்வோம். ஒரு டம்ளர் தண்ணீரை மேலே வைத்து அது எப்படி அலைகிறது என்று பார்ப்போம். எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த வண்டியின் சீட்டில் டம்ளரை வைத்தபோது தண்ணீர் துள்ளிக் கீழே கொட்டியது. இப்போது வைத்தேன். விளிம்பை ஒட்டி மெல்லிசாக ஒரு வளையம், அவ்வளவுதான். நடுவில் தண்ணீர் அசையவே இல்லை. பத்து-பதினொண்ணு, அக்கா, இது பைக் இல்லை தொட்டில் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை. என்ஜினை அணைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். பாருங்கள், முடிந்தது, இனிமேல் உங்கள் கை பழைய கை என்றேன். அந்த டம்ளரையே எடுத்து, இதைக் குடியுங்கள், இது நம் வண்டி ஜெயித்த தண்ணீர் என்று அவரிடம் நீட்டினேன்.

அவர் வலது கையால் வாங்கினார். கொஞ்ச நேரம் தண்ணீர் நின்றது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு நடுவில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்தது. அப்புறம் தண்ணீர் பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்தது, விளிம்பைத் தாண்டி விரல்மேல் வழிந்து தரையில் சொட்டியது. வண்டி அணைந்து பக்கத்தில் கல் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

நான் வண்டியைப் பார்த்தேன். டம்ளரைப் பார்த்தேன். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே."

"முன்னாடியேன்னா?"

"சிவப்பு வண்டியை வாங்கியிருந்தாலும் அதுதான் நடுங்கியிருக்கும்."

அவருடைய அப்பாவுக்கும் இதே நடுக்கம் இருந்திருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டவர். கட்டை விரலில்தான் ஆரம்பித்ததாம். கடைசி நான்கு வருஷம் அவருக்குச் சோறு ஊட்டியது, சட்டை மாட்டியது, கட்டிலில் புரட்டிப் போட்டது எல்லாம் மகன்தான். தன் விரல் முதல் தடவை உருண்டபோதே அந்த மகனுக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்கும் அன்றைக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்று வாசலில் வைத்து அக்காவிடம் கெஞ்சியிருக்கிறார். தெரியாத ஆள் நான் ஒருத்திதான்.

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. கையில் எண்ணெயோடு வாசலில் நின்று, எட்டு மாதம் என்னைப் பைத்தியக்காரி ஆக்கினீர்களே என்று கேட்டேன். மெக்கானிக்கைத் திட்டினேன், முதலாளியோடு முறைத்துக்கொண்டேன், நான் வாங்கின வண்டி உங்களைக் கெடுத்துவிட்டது என்று தூக்கம் இல்லாமல் கிடந்தேன், இதெல்லாம் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பனியனால் துடைத்துக்கொண்டிருந்தீர்களே, உங்களுக்கு மனசு வந்ததா என்று கேட்டேன். அவர் டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வண்டின்னா நீ எப்படியும் சரி பண்ணிடுவே. அதான் வண்டின்னு சொன்னேன். நீ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எதையாவது மாத்துவே. திங்கக்கிழமை காலையில நிஜமாவே எனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கிற மாதிரி இருக்கும்."

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் நடையில் நிறுத்திவிட்டு வந்து, அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தேன்.

அந்த வாரமே நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னார். எழுத்து போகப் போக எறும்பாகிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, இவருக்கு வாசனை தெரிவது குறைந்திருக்கிறதா என்று கேட்டார். நடையில் தேங்கியிருந்த பெட்ரோலும், நான் பிடுங்கின துணியும் என் கண்முன் வந்து நின்றன. ஆமாம் என்றேன். இது நடுக்குவாதம், முழுசாகக் குணமாகாது, மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். முன்னாலேயே வந்திருந்தால் என்று நான் கேட்டேன். நோய் வராமல் போயிருக்காது, ஆனால் இந்த எட்டு மாதத்தை இவ்வளவு சிரமப்படாமல் ஓட்டியிருப்பார் என்றார். மருத்துவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். நான் அந்தப் புண்ணைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை வந்த பிறகும் மூன்று வாரம் வேலைக்குப் போனார். ஒருநாள் காலையில், கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டார். ஐஸ் பெட்டி இல்லை. தூங்கிக்கொண்டே ரத்தம் கொடுக்கும் அந்த அம்மா இன்றைக்கு விழித்துக்கொண்டார்கள் என்றார். வலியில் அழுதார்களாம். வேறு யாரோ குத்துகிறார்கள், ஊசிக்காரரைக் கூப்பிடு என்று மருமகளிடம் சொல்லி அழுதார்களாம். இவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அங்கிருந்து நேராக நிலையத்துக்குப் போய்ப் பெட்டியை ஒப்படைத்துவிட்டார். யாரும் அனுப்பவில்லை, நானே நிறுத்திக்கொண்டேன் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் நானும் அழுதேன்.

அதற்கப்புறம் வண்டி நடையில் சும்மா நின்றது. இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். நிற்கிற வண்டி கெட்டுப்போகும், விற்றுவிடு என்று அவரே சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். சரி என்று பட்டறையில் சொல்லிவைத்தேன், ஒரு தச்சர் பார்க்க வந்தார்.

தச்சர் விவரமான ஆள். நான் பார்த்த மாதிரியே என்ஜினில் கை வைத்துப் பார்த்தார், சைலன்சருக்குள் விரல் விட்டார். பிறகு தெருவைச் சுற்றிவரப் போனார். என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தச்சர் திரும்பி வந்து இறங்கினபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"இந்த அளவு வண்டியில இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. கையில துளி நடுக்கம் இல்லை," என்றார். என்னிடம் சொல்லியிருக்கலாம். ஆண்பிள்ளை என்று அவரிடம் போய்ச் சொன்னார். "உங்க கை ராசியான கைங்க. வண்டியை அப்படி வெச்சிருக்கீங்க."

என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கையை மெதுவாக இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் நகம் வெட்டாத பிள்ளை கையை ஒளிக்குமே, அப்படி.

வண்டி விற்கிறதாக இல்லை என்று நான் தச்சரிடம் சொன்னேன். பிறகு எதற்கம்மா வரச் சொன்னீர்கள் என்று அவர் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடையில் கோணியை விரித்தேன். பிஸ்கட் டின்னைத் தரையில் கவிழ்த்தேன். ஹேண்டில் முனையிலிருந்த இரும்புக் குண்டுகளைக் கழற்றினேன். தடித்த ரப்பர் பிடிகளை உருவிவிட்டுப் பழைய தேய்ந்த பிடிகளை மாட்டினேன். என்ஜினின் புதுப் புஷ்களை எடுத்துவிட்டு, கல்லாகிப்போன பழசையே திரும்ப வைத்து முடுக்கினேன். பதினேழு வருஷத்தில் ஓடுகிற இயந்திரத்தை நான் வேண்டுமென்று கெடுத்தது அன்று ஒருநாள்தான். அவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியை வாசலுக்குத் தள்ளிப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றினேன். அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சீட்டில் உட்காரவைத்தேன். காலைத் தூக்கிப் போட நேரமானது, காத்திருந்தேன். பக்கத்தில் நின்று உதைத்தேன். இரண்டாவது உதையில் கிளம்பியது. அப்பா, என்ன நடுக்கம். கண்ணாடிகள் படபடத்தன, மட்கார்டு கிணுகிணுத்தது. நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் இரண்டு பக்கமும் கையை நீட்டி, ஹேண்டிலைப் பிடித்திருந்த அவர் கைகளின் மேல் என் கைகளை வைத்தேன்.

அவர் வலது கை நடுங்கியது. இடது கையும் நடுங்கியது. என் இரண்டு கைகளும், முழங்கை வரைக்கும், தோள் வரைக்கும் நடுங்கின. எதிர் வீட்டுக்காரர் குப்பைக்கூடையோடு வெளியே வந்தார், எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும் என்று இருந்தது. கண்ணாடியில் என் வீட்டுக்காரர் முகம் துண்டு துண்டாக ஆடியது. அவர் குனிந்து எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ரொம்ப நடுங்குது," என்றார்.

"ஆமாங்க. வண்டிதான்," என்றேன்.

அவர் முதுகு என் மேல் சாய்ந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. நின்ற இடத்திலேயே இவ்வளவு நேரம் ஓடவிட்டால் என்ஜின் சூடேறிக் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். நான் அணைக்கவில்லை.

வண்டி ஒரு தடவை இருமியது. மறுபடியும் இருமி, சுற்று குறைந்தது. பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தது, இனி டாங்கின் அடியில் ஒதுக்கி வைத்திருக்கிற கொஞ்சம்தான். என்ஜின் நின்றால் என் இரண்டு கையும் நின்றுவிடும், அவர் இடது கையும் நின்றுவிடும், ஒரு கை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். நான் ஒரு கையை எடுத்து, அவசரமாகக் குனிந்து, டாங்குக்கு அடியில் தடவிப் பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பினேன்.